இரவு ஒன்பது மணிச் செய்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் தீவின் மீனவ ஊரான தங்கச்சிமடத்திலிருந்து தினமும் இரவு ஒன்பது மணிக்கு அன்றைய செய்திகளை ஆறு நிமிடக் குரல்பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அரசியல், விளையாட்டு, வெளிநாடு எல்லாம் அதில் இருக்கும். அனுப்பிய பத்து நிமிடத்தில் கேள்விகள் வர ஆரம்பிக்கும். பாதிக்கு மேல் போன வாரம் வந்த அதே கேள்விகள். சென்னையிலும் டெல்லியிலும் எழுதப்படும் செய்தி இங்கே வந்து சேரும்போது, நமக்கு வேண்டிய ஒரு வரி மட்டும் அதில் இருக்காது. அந்த வரிகளைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

"எல்லை தாண்டி மீன்பிடித்ததாகக் கைது" என்கிறீர்களே, தாண்டினார்களா இல்லையா?

அந்த "தாக" என்ற இரண்டெழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தாண்டினார்கள் என்பது இலங்கைக் கடற்படை சொல்வது. பாரம்பரியக் கடலில்தான் பிடித்தார்கள் என்பது நம் சங்கங்கள் சொல்வது. செய்தி எழுதுகிறவர் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு "தாக" போட்டுவிடுகிறார்.

என்னைக் கேட்டால் ஒன்று சொல்வேன், சிலருக்குக் கோபம் வரும். இன்ஜின் நின்று, நீரோட்டத்தில் போய்ச் சேர்ந்த படகுகள் உண்டு. ஆனால் எல்லா நாளும் இன்ஜின் நிற்பதில்லை. படகில் ஜிபிஎஸ் இருக்கிறது. நம் பக்கத்துக் கடலடியை இழுவைமடி வலை பல வருடமாக வாரிவிட்டது. அந்தப் பக்கம் 1983 முதல் 2009 வரை போர் நடந்ததால் வடக்கு மாகாண மீனவர்கள் சரியாகக் கடலுக்கே போக முடியவில்லை. அந்தக் காலத்தில் நம் விசைப்படகுகள் அங்கே போய்ப் பழகின. போர் முடிந்து அவர்கள் திரும்பக் கடலுக்கு வந்தபோது நாம் அங்கே இருந்தோம். அவர்களும் தமிழர்கள்தான், நம்மைப் போல வலைக்குக் கடன் வாங்கினவர்கள்தான்.

இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அது அவர்கள் நாட்டுப் படகுகளுக்கும் பொருந்தும். 2018-ல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைக் கோடிக்கணக்கில் உயர்த்தியது. முன்பு சில வாரத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் இப்போது வராமல் இருப்பதற்கு இந்த இரண்டு சட்டங்களே காரணம்.

கைதுச் செய்தி வந்தால் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு அக்கா. மூன்று வருடம் முன்பு ஒரு காலையில் பத்து மீனவர் கைது என்று அவசரமாக ஒரு பதிவு போட்டேன். உடனே கூப்பிட்டார். "தம்பி, எத்தனை பேருன்னு எதுக்கு? படகு நம்பரைச் சொல்லுங்க." பின்னால் அடுப்பில் ஏதோ தீயும் சத்தம் கேட்டது, அவர் அதை இறக்கவில்லை. எண் என்னிடம் இல்லை. அன்றிலிருந்து படகின் பதிவு எண் இல்லாமல் கைதுச் செய்தி சொல்வதில்லை, தாமதமானாலும் சரி.

அடுத்ததாக, எந்தக் கரைக்குக் கொண்டுபோனார்கள் என்று கேளுங்கள். இலங்கையின் நெடுந்தீவுப் பக்கம் பிடித்தால் பெரும்பாலும் காங்கேசன்துறை அல்லது மயிலிட்டிக்குக் கொண்டுபோய், ஊர்காவல்துறை நீதிமன்றத்தில் நிறுத்தி, யாழ்ப்பாணம் சிறையில் வைப்பார்கள். தலைமன்னார் பக்கம் என்றால் மன்னார் நீதிமன்றம். முதல் முறை பிடிபட்டவருக்கும், ஏற்கெனவே பிடிபட்டு ஒத்திவைத்த தண்டனையோடு வந்தவருக்கும், படகை ஓட்டியவருக்கும் தீர்ப்பு வேறுவேறு. ஓட்டுநருக்குத்தான் கடுமை அதிகம். ஆகவே "பத்து பேரில் எட்டு பேர் விடுதலை" என்று செய்தி வந்தால் மிச்சம் இரண்டு பேர் யார் என்று ஊருக்கே தெரியும். விடுதலையானவர்கள் பெரும்பாலும் கொழும்பிலிருந்து விமானத்தில் சென்னைக்குத்தான் வருவார்கள். மண்டபம் கரையில் போய்க் காத்திருக்க வேண்டாம்.

படகு "நாட்டுடைமை" என்றால் திரும்ப வராதா?

வராது. நீதிமன்றம் படகை இலங்கை அரசுக்குச் சொந்தமாக்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கு முந்தைய கட்டத்தில், விசாரணை நாளில் உரிமையாளர் ஆவணங்களோடு அங்கே நேரில் ஆஜரானால் வாதாட வழி உண்டு. மழையிலும் வெயிலிலும் அந்தக் கரையில் கிடக்கிற மரப்படகு எத்தனை நாள் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டாயிற்று. கச்சத்தீவு ஏன் இன்னும் வரவில்லை?

2025 ஏப்ரல் 2-ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றம், கச்சத்தீவை மீட்க மத்திய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் என்பது சட்டமில்லை, கோரிக்கை. வெளிநாட்டு உறவு மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. மீன்பிடிப்பிலேயே கரையிலிருந்து 12 கடல் மைல் வரைதான் மாநிலத்தின் கை நீளும், அதற்கு அப்பால் மத்திய அரசு. தீர்மானம் போடுவது தப்பென்று சொல்லவில்லை. போட்ட மறுநாள் தீவு வந்துவிடும் என்று பட்டாசு வாங்க வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

தீவு 285 ஏக்கர். ராமநாதபுரம் ஜமீன் கணக்கில் இருந்தது. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயகவும் போட்ட ஒப்பந்தத்தில் கோடு தீவுக்கு மேற்கே விழுந்தது. அதன் ஐந்தாவது பிரிவில், இந்திய மீனவர்களும் பக்தர்களும் முன்போலவே விசா, பயண ஆவணம் எதுவும் இல்லாமல் தீவுக்கு வந்துபோகலாம் என்று இருக்கிறது. ஆறாவது பிரிவில் இரு நாட்டுப் படகுகளுக்கும் பழைய உரிமை தொடரும் என்று இருக்கிறது. மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் கோடு போட்டபோது, ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்காது என்று இரு அரசுகளும் கடிதம் பரிமாறிக்கொண்டன. நம் வயிற்றில் அடித்தது எது என்றால், என் கணக்கில் 1974-ஐ விட அந்தக் கடிதம்தான்.

வழக்கும் நடக்கிறது. நாட்டின் நிலத்தைக் கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்று 1960-லேயே, மேற்கு வங்கத்தின் பெருபாரியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது பற்றிய விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொல்லியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 2008-ல் ஜெயலலிதா வழக்குப் போட்டார். கொடுக்கவில்லை, தகராறில் இருந்த இடத்துக்குக் கோடு போட்டோம் என்பது மத்திய அரசின் வாதம். அங்கே எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த வாதம் அவ்வளவாக மாறவில்லை. இங்கே எந்தக் கட்சி எதிர்க்கட்சியானாலும் கச்சத்தீவு ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

இன்னொன்று. கச்சத்தீவே கிடைத்தாலும் நெடுந்தீவு கிடைக்காது. விசைப்படகுகள் போவது கச்சத்தீவைத் தாண்டி.

இலங்கையில் புது அதிபர் வந்தாரே, மாற்றம் உண்டா?

அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் அதிபரானார். நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய கூட்டணி 225-ல் 159 இடம் பிடித்தது. யாழ்ப்பாணத்திலும் ஜெயித்தது. அதுதான் நாம் கவனிக்க வேண்டியது. வடக்கு மீனவர் ஓட்டு இப்போது அவருக்கும் வேண்டும். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி கச்சத்தீவுக்கே வந்து இறங்கினார். இலங்கை அதிபர் ஒருவர் அங்கே வந்தது அதுவே முதல் முறை. பத்து நாள் முன்பு மதுரை மாநாட்டில் விஜய் கச்சத்தீவை மீட்டுத் தரச் சொல்லிப் பேசியிருந்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டு அன்று இரவு எனக்கு வந்த குரல்பதிவுகள் கொஞ்சநஞ்சமல்ல.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகலாமா?

போகலாம். பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும். முன்கூட்டியே விண்ணப்பம் கொடுக்க வேண்டும், பதிவான படகில்தான் போக முடியும். 2024-ல் படகோட்டிகளுக்குச் சிறைத் தண்டனை கொடுத்ததைக் கண்டித்து ராமேஸ்வரத்தினர் புறக்கணித்தார்கள். 2025-ல் மறுபடி போனார்கள்.

பாம்பனில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு, 3-ஆம் எண் கூண்டு என்கிறீர்கள். எண் எதைக் குறிக்கிறது?

இதற்கு நான் ஒரு மன்னிப்போடுதான் பதில் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எண்ணை மட்டும் சொல்லி முடித்துவிடுவேன். ஒரு கார்த்திகை மாதம் "பாம்பனில் 3-ஆம் எண் கூண்டு" என்று சொன்னேன். "பத்துல மூணுதானே" என்று ஒரு அண்ணன் தன் நாட்டுப்படகான வல்லத்தை வடகடலிலேயே நங்கூரத்தில் விட்டுவிட்டுப் படுத்துவிட்டார். இரவில் வாடைக்காற்று பிடித்தது. காலையில் வல்லம் கரையில் சாய்ந்து கிடந்தது, அடிப்பலகை இரண்டு பிளந்திருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "மூணுன்னா என்னன்னு நீங்க சொல்லலையே" என்று மட்டும் கேட்டார்.

எண் ஏற ஏறக் காற்று கூடும் என்பது பாதிதான் சரி. ஆபத்து எங்கே இருக்கிறது, நமக்கு எவ்வளவு பக்கம் என்பதைத்தான் எண் சொல்கிறது.

1: தூரக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போதைக்குப் பாதிப்பில்லை. 2: தூரத்தில் அது புயலாகிவிட்டது, வெளியே போகிற கப்பலுக்கு ஆபத்து. 3 வந்துவிட்டால் கதை நம் வாசலுக்கு வந்துவிட்டது. திடீர்க்காற்றும் மழையும் துறைமுகத்தையே தாக்கலாம். அந்த அண்ணன் விட்டது இதைத்தான். 4 என்றால் துறைமுகத்தைப் புயல் தாக்கலாம், ஆனால் பெரிய ஆபத்து என்று இன்னும் சொல்ல முடியாது. 5, 6, 7 மூன்றும் அபாயம். இந்த மூன்றுக்கும் வேறுபாடு வேகத்தில் இல்லை, வழியில்தான்: புயல் துறைமுகத்தை ஒரு பக்கம் விட்டுக் கடக்குமா, மறுபக்கம் விட்டுக் கடக்குமா, நேர்மேலே வருமா என்பது. 8, 9, 10-ம் அதே மூன்று வழிகள்தான், ஆனால் கடும்புயலுக்கு. 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். அதை ஏற்றுகிற நாளில் என் குரல்பதிவும் வராது.

கூண்டு 1 என்றாலும் மீன்வளத்துறை கடலுக்குப் போகும் அனுமதி டோக்கனை நிறுத்தினால் போகாதீர்கள். டோக்கன் இல்லாமல் போய் ஏதாவது ஆனால் நிவாரணம் கேட்கும்போது அதுதான் முதல் கேள்வியாக வரும்.

மழைக்குத் தனியாகக் கூண்டு கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அன்று புயலே கிடையாது.

புயலுக்கு யார் பெயர் வைக்கிறார்கள்?

வட இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள 13 நாடுகள் கொடுத்த பட்டியலிலிருந்து வரிசையாக எடுக்கிறார்கள். காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ. தொட்டால்தான் பெயர். 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா, ஏமன் கொடுத்த பெயர், அங்குள்ள ஒரு காயலின் பெயர். நமக்குக் காற்றும் மழையுமாகக் கழிந்தது. எதிர்க்கரையான இலங்கையில் 600 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

அமெரிக்கா வரி போட்டால் எங்கள் இறாலுக்கு ஏன் விலை குறைகிறது? நாங்கள் அமெரிக்காவுக்கா விற்கிறோம்?

நல்ல கேள்வி, டிவியில் யாரும் கேட்காத கேள்வி. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரை வரி போட்டது. இந்தியக் கடலுணவு ஏற்றுமதியில் முதலிடம் இறாலுக்கு, அதைப் பெரிய அளவில் வாங்கும் நாடு அமெரிக்கா. இதுவரை செய்தியில் வந்துவிடும். வராதது இது: அங்கே போவது பண்ணையில் வளர்க்கும் வனாமி இறால். நம் வலையில் விழுகிற கடல் இறாலை 2019 முதலே அமெரிக்கா வாங்குவதில்லை. வலைக்குள் ஆமை மாட்டினால் தப்பித்துப் போக ஒரு கம்பிச் சட்டம் பொருத்த வேண்டும் என்பது அவர்கள் விதி. நம் இழுவைமடிகளில் அது இல்லை.

அப்படியானால் நமக்கு ஏன் அடி? அமெரிக்காவுக்குப் போக முடியாத வனாமியை ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் தள்ளப் பார்ப்பார்கள். நம் இறால் போகிற சந்தைகளும் அவைதான். அங்கே சரக்கு குவிந்தால் கம்பெனிக்காரர் இங்கே கரையில் விலையைக் குறைப்பார். இதில் நியாயமான குறைப்பு எவ்வளவு, "அமெரிக்கா வரி போட்டுட்டான்ல" என்ற சாக்கில் குறைப்பது எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. வரி ஏறின அன்று குறைத்தவர், வரி இறங்கின அன்று ஏற்றுகிறாரா என்று பாருங்கள். தேதியோடு சிட்டையில் குறித்து வையுங்கள்.

கடல் அட்டையை இலங்கையில் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள், இங்கே பிடித்தால் ஜெயில். ஏன்?

இந்தியாவில் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள், புலியைப் பிடித்த மாதிரிதான். இலங்கையில் உரிமம் இருந்தால் பிடிக்கலாம், வளர்க்கலாம். வாங்குவது சீனாவும் அதைச் சுற்றிய நாடுகளும். அதனால்தான் "தனுஷ்கோடி அருகே கடல் அட்டை மூட்டைகள் பறிமுதல்" என்ற செய்தி மாதம் தவறாமல் வருகிறது.

ஓட்டர் லிஸ்டில் பெயர் இல்லை. தொழிலுக்குப் போயிருந்த நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம்.

2025 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் விடுபட்டன. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் போக, அதிகம் பேர் "வீடு மாறியவர்" கணக்கில் போனவர்கள். கேரளாவுக்குத் தங்கித் தொழில் செய்யப் போகிறவர்களுக்கு இது எப்படி நடந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பெயரைச் சேர்க்கப் படிவம் 6, திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8. தேர்தல் நேரம்வரை காத்திருக்காமல் இப்போதே கொடுங்கள்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் எங்கள் ராமநாதபுரம் தொகுதியில் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயரில் வேறு பன்னீர்செல்வங்களும் நின்றார்கள். எங்கள் தெரு ஆச்சி ஒருவர் வாக்குச்சாவடியிலிருந்து வந்து, "பலா எதுன்னு தேடறதுக்குள்ள கண்ணு வலிச்சிடுச்சு" என்றார். அவர் பலாவுக்குப் போட்டாரா என்று நான் கேட்கவில்லை. நவாஸ் கனி ஜெயித்தார், ஓ.பி.எஸ். இரண்டாம் இடம்.

இந்தியா பாகிஸ்தான் மேட்ச் ஏன் கொழும்பில்?

ஒருவர் நாட்டுக்கு ஒருவர் போக மாட்டார்கள். ஐ.சி.சி. போட்டிகளில் இவர்கள் ஆட்டம் பொதுவான இடத்தில் நடக்கும் என்று 2024 டிசம்பரில் முடிவானது. அந்தக் கணக்கில்தான் 2025 மகளிர் உலகக் கோப்பையில் பாகிஸ்தானின் எல்லா ஆட்டமும் கொழும்பு பிரேமதாச மைதானத்துக்குப் போனது. அக்டோபர் 5-ல் நம் பெண்கள் 88 ரன்னில் ஜெயித்தார்கள். நவம்பர் 2-ல் நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் தோற்கடித்துக் கோப்பையையும் எடுத்தார்கள். தீப்தி சர்மா அரை சதமும் அடித்து ஐந்து விக்கெட்டும் எடுத்தார்.

அக்டோபரில் கொழும்பில் ஆட்டம் வைத்தால் மழை வராமல் என்ன செய்யும்? வாடை எப்போது திரும்பும் என்று நம்மிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

உள்ளூர் விளையாட்டு எதுவும் சொல்வதில்லையே?

நம் கடலில் நடக்கிற விளையாட்டு ஒன்று உலகம் முழுக்கப் பேசப்படுகிறது: தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்துவது. நேர்க்கோட்டில் ஏறக்குறைய 30 கி.மீ. மிகிர் சென் 1966-ல் கடந்தார், 25 மணி நேரத்துக்கு மேல் ஆனது. 1994-ல் குற்றாலீஸ்வரன், அப்போது பள்ளிச் சிறுவன். 2022 மார்ச்சில் மும்பையைச் சேர்ந்த 13 வயது ஜியா ராய், ஆட்டிசம் உள்ள சிறுமி, 13 மணி நேரச் சொச்சத்தில் அரிச்சல்முனைக்கு வந்து சேர்ந்தார்.

இதில் செய்தி எழுதுகிறவர்கள் விட்டுவிடுகிற ஆள் ஒருவர் உண்டு, கூடவே போகிற படகுக்காரர். நீந்துகிறவர் தண்ணீரைத்தான் பார்ப்பார். நீரோட்டம் எப்போது மாறும், எந்த மணல்திட்டைச் சுற்றிப் போக வேண்டும் என்பதை அவர்தான் பார்க்க வேண்டும். ஒரு முறை அப்படிப் போய்வந்த ஒருவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "இன்ஜினை அவ்வளவு மெதுவா ஓட்டினதே இல்ல. கால் மரத்துப்போச்சு" என்றார். இரண்டு நாட்டு அனுமதியோடு அவர் எல்லையைத் தாண்டிய ஒரே நாள் அது.

புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் போகும்போது பழையது மாதிரி பயமாக இருக்குமா?

இருக்காது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்தார்கள். நீளம் 2 கி.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். நடுவில் 72.5 மீட்டர் பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே 17 மீட்டர் ஏறும். 1914-ல் திறந்த பழைய பாலம் இரண்டு கைகளைத் தூக்குவது போலத் திறக்கும், அதை ஆட்கள் கையால் சுற்றித் திறந்தார்கள். எனக்குப் பழையதன் மேல்தான் பிரியம். ஆனால் துருவுக்கு அது தெரியாது.

இலங்கை எஃப்.எம்.மில் வேறு மாதிரி சொல்கிறார்களே, எதை நம்புவது?

இரண்டையும் கேளுங்கள், நானும் கேட்கிறேன். அவர்கள் "அத்துமீறிய இந்திய மீனவர்கள்" என்பார்கள், நம்மாட்கள் "அப்பாவித் தமிழக மீனவர்கள்" என்பார்கள். இரண்டிலும் பெயரடையை எடுத்துவிட்டால் படகு எண்ணும் இடமும் நேரமும் மிஞ்சும். அவை பொருந்தினால்தான் நான் பதிவில் சேர்ப்பேன். படம் வந்தால் படகின் நிறத்தைப் பார்ப்பேன். போன வருடம் மஞ்சள் அடித்த படகு இந்த வருடக் கைதுப் படத்தில் பச்சையாக இருந்தால், அது பழைய படம்.

ஒரு நாள் ஒன்பது மணிக்குப் பதிவு வரவில்லை என்றால்?

பெரும்பாலும் கரண்ட் இல்லை, அல்லது டவர் போயிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி நடக்கும். அந்த இரவில் யாராவது பாம்பன் பக்கமிருந்து வந்தால் கூண்டு எண் என்னவென்று கேட்டு வையுங்கள். அப்படியே எங்கள் வீட்டுக் கதவையும் ஒரு தட்டு தட்டிச் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.